முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு?

(புக்கிட் மேராவில் நடைபெற்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் திருக்குறளைப் பற்றிப் பேசலாம், தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசலாம். என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பெரியவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் மோட்டார்ப் பட்டறையில் கை கறுத்தவன். எனக்குத் தெரிந்தது பிரேக். ஆகவே, பிரேக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதுவும், உங்கள் பிள்ளைகள் கணினியில் விளையாடும் கார்ப்பந்தய விளையாட்டில் வருகிற பிரேக்கைப் பற்றி.

அம்மாமார்கள் சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது என் காதில் விழாத புகாரா? "ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அந்த ஸ்டியரிங்கையே புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான் அண்ணே. படிப்பும் போச்சு, கண்ணும் போச்சு." இந்தப் புகார் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே வீட்டுப் பையன் ஒருவன் கீழ்த்தளத்தில் என்னைப் பார்த்து, "மாமா, மழை பெய்யும்போது பிரேக் பேலன்ஸை முன்னாடி வைக்கணுமா, பின்னாடி வைக்கணுமா?" என்று கேட்டான். பட்டறைக்கு வேலை கற்க வருகிற இளைஞர்களிடம் அந்தக் கேள்வியை வரவழைக்கவே எனக்கு ஆறு மாதமாவது ஆகும். பதினான்கு வயதுப் பையன் தானாகவே கேட்கிறான். அவனுக்கு நான் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பிரேக் பேலன்ஸ் என்றால் என்ன? மிதியை மிதிக்கிறோம். அந்த மிதியின் பலம் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. முன் இரண்டு சக்கரங்களுக்கு எவ்வளவு பங்கு, பின் இரண்டு சக்கரங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் பிரேக் பேலன்ஸ். தமிழில் தடைப் பங்கீடு என்று வைத்துக்கொள்ளலாம். சரிபாதியாகப் பிரித்தால் நியாயம்தானே என்று தோன்றும். அப்படிப் பிரித்தால் வண்டி சுழன்றுவிடும். ஏன் என்பதைத் தோட்டத்திலிருந்து வந்திருப்பவர்கள் எனக்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

பால்மரக் காட்டில் மேட்டிலிருந்து செம்மண் பாதையில் சைக்கிளில் இறங்கிய அனுபவம் இங்கே பல பேருக்கு உண்டு. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் என்ன ஆகும்? ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால்? பின்சக்கரம் நின்றுபோய்ச் சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கும். சைக்கிளின் பின்னால் பால் நிறைந்த தோம்பு கட்டியிருக்கும்போது பின் பிரேக் நன்றாகப் பிடிக்கும். பாலைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அதே பின் பிரேக் சும்மா சறுக்கும். இந்த மூன்றையும் அறிந்தவருக்கு நான் சொல்லப்போகும் பாடத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். பெயர்தான் தெரியாது.

வண்டி வேகம் குறையும்போது அதன் பாரம் முன்னால் சாய்கிறது. பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படித்தான் மூக்கைக் குனிகிறது. அப்போது முன் சக்கரங்கள் தரையில் அழுந்துகின்றன, பின் சக்கரங்கள் லேசாகின்றன. அழுந்திய சக்கரத்துக்குப் பிடிப்பு அதிகம், லேசான சக்கரத்துக்குக் குறைவு. ஆகவே, பிடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிரேக்கின் பலத்தையும் அனுப்ப வேண்டும்.

எவ்வளவு பாரம் முன்னால் போகிறது என்று கணக்குப் போட முடியுமா? முடியும். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். மாணவர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் 1,200 கிலோ என்று வையுங்கள். நிற்கும்போது முன்னே 600, பின்னே 600. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். காரின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காய்ந்த ரோட்டில் பலமாகப் பிரேக் போடுகிறோம். புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் கார் தடைபடுகிறது, அதாவது 0.8. இப்போது 1,200ஐ 0.8ஆல் பெருக்குங்கள், அதை அரையால் பெருக்குங்கள், 2.5ஆல் வகுத்துவிடுங்கள். 192 வருகிறதா? அந்த 192 கிலோ பாரம்தான் பின்னாலிருந்து முன்னால் போகிறது. ஆக முன்னே 792, பின்னே 408. நூற்றுக்குச் சொன்னால் முன்னே 66, பின்னே 34. உங்கள் விளையாட்டில் 66 என்று ஓர் எண் திரையில் தெரிகிறதே, அது யாரோ ஜோசியம் பார்த்து வைத்த எண் இல்லை.

இப்போது மழை. சிங்கப்பூரில் மழைக்குச் சொல்லவா வேண்டும்! ஈர ரோட்டில் அவ்வளவு பலமாகத் தடைபட முடியாது. 0.4 என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுங்கள். முன்னால் போகிற பாரம் 96 கிலோதான். முன்னே 696, பின்னே 504. நூற்றுக்கு 58, 42. காய்ந்த ரோட்டுக்கு வைத்த 66ஐ மழையிலும் மாற்றாமல் ஓட்டினால் முன் சக்கரங்களுக்கு அவற்றின் பிடிப்பை மீறிய வேலை கொடுக்கிறோம். அவை முதலில் பூட்டிக்கொள்ளும். ஆகவே, அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில்: மழை வந்தால் கொஞ்சம் பின்னால் தள்ளு. அவன் உடனே, "எவ்வளவு கொஞ்சம் மாமா?" என்றான். கணக்கைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

சக்கரம் பூட்டிக்கொள்வது என்றேனே, அதை விளக்கியாக வேண்டும். வண்டி ஓடும்போதே சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுத் தேய்ந்துகொண்டு போவதுதான் பூட்டிக்கொள்வது. சுழல்கிற சக்கரம் பக்கவாட்டுத் தள்ளலை எதிர்த்து நிற்கும். சுழலாத சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி, எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். முன் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரே போகும். சுவர் வந்தால் சுவரில்தான். பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் காரின் வால் முன்னுக்கு வரப் பார்க்கும், கார் சுழலும். இரண்டில் எது மோசம்? பின்னது பூட்டிக்கொள்வதுதான். நேரே போகிற காரில் மிதியைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டியரிங் திரும்பவும் கைக்கு வரும். சுழல ஆரம்பித்த காரை மீட்பது லேசில் இல்லை. அதனால்தான் நாம் ரோட்டில் ஓட்டுகிற கார்களை, முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும்படியே தயாரிப்பாளர்கள் அமைக்கிறார்கள். இப்போது ஏபிஎஸ் வந்த பிறகு பூட்டிக்கொள்வதே அரிதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தச் சறுக்கல் எப்படியிருக்கும் என்று காட்டுவதற்கு இன்றைக்கு ரோடு பயன்படாது, பயன்படவும் கூடாது. விளையாட்டுத் திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் சறுக்கலாம். யாருக்கும் அடிபடாது.

பந்தயக் காரில் இந்தப் பங்கீட்டை எப்படி மாற்றுகிறார்கள்? இதற்கும் தோட்டத்து உதாரணம்தான் பொருத்தம். காண்டா கம்பு தெரியுமல்லவா? தோளில் கம்பு, இரு முனையிலும் பால் வாளி. முன் வாளி கனமாக இருந்தால் என்ன செய்வோம்? கம்பைப் பின்னால் இழுத்து, முன் வாளி தோளுக்குப் பக்கத்தில் வரும்படி செய்வோம். தோளுக்குக் கிட்டே இருக்கிற முனை அதிகப் பாரம் தாங்கும், தள்ளி இருக்கிற முனை குறைவாகத் தாங்கும். பந்தயக் காரின் பிரேக் மிதிக்குப் பின்னால் இப்படி ஒரு சின்னக் கம்பு இருக்கிறது. ஒரு முனை முன் பிரேக்கின் எண்ணெய் உருளையைத் தள்ளும், மறுமுனை பின் பிரேக்கின் உருளையைத் தள்ளும். மிதியின் பலம் நடுவில் ஓரிடத்தில் விழுகிறது. அந்த இடத்தை முன் உருளைப் பக்கம் நகர்த்தினால் முன் பிரேக்குக்குப் பங்கு கூடும். நகர்த்துவதற்கு ஒரு திருகாணி, அதிலிருந்து டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குமிழ். அவ்வளவுதான். காண்டா தூக்கிய நம் பாட்டிமார்கள் இதைப் பார்த்திருந்தால், "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டிருப்பார்கள்.

இன்றைய பார்முலா ஒன் கார்களில் இது இன்னும் நுணுக்கம். ஸ்டியரிங்கிலேயே பொத்தான்களும் சுழல்குமிழ்களும் இருக்கின்றன. 2014 முதல் பின் பிரேக்கைக் கணினி கட்டுப்படுத்துகிறது, ஏனெனில் பின்புறத்தில் மின்மோட்டாரும் வேகத்தைக் குறைத்து மின்சாரம் சேமிக்கிறது. ஓட்டுநர்கள் ஒரே சுற்றில் ஒரு வளைவுக்கும் மறுவளைவுக்கும் இடையே பங்கீட்டை மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

நம் ஊருக்கு இந்தப் பந்தயம் புதிதல்ல என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி நடந்தது. நாம் இன்று பேருந்தில் போகிற அதே சாலை. ஒரு நேர்ச்சாலைக்குத் தாம்சன் மைல் என்று பெயர். ஒரு வளைவைப் பேய் வளைவு என்ற பொருளில் டெவில்ஸ் பெண்ட் என்றே அழைத்தார்கள். ஓரத்தில் மழைநீர்க் கால்வாய்களும் மரங்களும் விளக்குக் கம்பங்களும். உயிர்ச்சேதங்கள் ஏற்பட்டன. 1973க்குப் பிறகு பந்தயம் நிறுத்தப்பட்டது. மறுபடி வந்தது 2008 செப்டம்பரில், மரீனா பேயில். பார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம் அதுதான். நகரத் தெரு ஆகையால் சுவர்கள் கிட்டேயே இருக்கும், வளைவுக்கு மேல் வளைவாக வரும், பிரேக் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. நம் ஊர் புழுக்கம் வேறு. 2017இலும் 2022இலும் அங்கே மழை நனைத்த ரோட்டில்தான் பந்தயம் தொடங்கிற்று. நான் சற்று முன் போட்ட 58, 42 கணக்கு அந்த இரவுகளில் ஓட்டுநர்களின் விரல்நுனியில் இருந்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் இதற்கொரு மரபு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று. அதில்தான் பல்லாண்டுகள் பந்தயம் ஓட்டினார்கள். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்றொருவர் இருந்தார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க நம் பிள்ளைகளுக்கு வசதி கிடையாது என்று, மாருதி காரின் இயந்திரத்தை வைத்தே குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டிக் கொடுத்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையில் உள்ள ஓடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். டயர்ச் சிக்கலால் மற்ற அணிகள் விலகிக்கொள்ள, அன்று ஆறு கார்கள்தான் ஓடின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2012இல் அவர் இங்கே மரீனா பேயிலும் ஓட்டினார். சுவரில் மோதியதால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. சென்னையின் கருண் சந்தோக் 2010இல் பார்முலா ஒன்னுக்கு வந்தார். நம் சனத்துக்கு இதெல்லாம் ஆகாத காரியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இந்தச் சின்ன எண் எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2021 ஜூன் மாதம், அஜர்பைஜான் நாட்டின் பாக்கு நகரில் பார்முலா ஒன் பந்தயம். முன்னணியில் இருந்த வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்து அவர் வெளியேறிவிட்டார். பந்தயத்தை நிறுத்தி, மீண்டும் தொடங்கியபோது பாக்கியிருந்தது இரண்டே சுற்று. ஏழு முறை உலக வீரரான லூயிஸ் ஹாமில்டன் இரண்டாம் இடத்திலிருந்து கிளம்பி, முதல் வளைவுக்குள் முதலிடத்தைப் பிடிக்கப் பாய்ந்தார். அவருடைய ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பிரேக்கின் பங்கு பெரும்பாலும் முன்னால் போய்விடும். பந்தயம் தொடங்குமுன் முன் டயர்களைச் சூடாக்குவதற்காக வைத்தது அது. பாய்கிற அவசரத்தில் அவர் கை தவறுதலாக அந்தப் பொத்தானில் பட்டுவிட்டது. பிரேக் போட்டார். முன் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு புகை கிளம்ப, கார் வளையாமல் நேரே போயிற்று. முதலிடத்துக்குப் போனவர் கடைசியில் 15ஆவதாக வந்தார். அன்று ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவதாக வந்திருந்தாலே 18 புள்ளி. அந்த ஆண்டின் இறுதியில் உலகப் பட்டத்தை அவர் இழந்தது 8 புள்ளியில். அந்த ஆண்டில் வேறு பல சங்கதிகளும் நடந்தன, பொத்தான் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற அவ்வளவு பெரிய இயந்திரம், ஒரு விரல் பட்டதும் சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடித்த பையன் மாதிரி ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். பின்வரிசைப் பையன்கள் இதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்!

கிரான் டூரிஸ்மோ என்ற விளையாட்டு 1997இல் ஜப்பானில் வெளிவந்தது. இப்போதைய ஏழாம் பதிப்பில் பிரேக் பங்கீட்டுக்குக் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை எண் உண்டு. கழித்தல் பக்கம் போனால் முன்னே, கூட்டல் பக்கம் போனால் பின்னே. நடுவில் சைபர். ஐரேசிங், அசெட்டோ கோர்ஸா போன்றவற்றில் நூற்றுக்கு இத்தனை முன்னே என்று நேராகவே எழுதியிருக்கும். பல பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? யாரோ வெற்றி பெற்றவர் வைத்த எண்ணைப் பார்த்து அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். அது அவர் கால், அவர் மிதி, அவர் டயர். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போன்ற வேலை.

எங்கள் தொழிலில் செய்கிற மாதிரி செய்யுங்கள். ஏபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும். ஒரே கார், ஒரே ஓடுதளம், ஒரே வளைவு. நேர்ச்சாலையின் முடிவில் ஒரு பலகையை அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே மிதியுங்கள். எந்தச் சக்கரம் முதலில் கிறீச்சிடுகிறது? முன்னதென்றால் ஓர் எண் பின்னே தள்ளுங்கள். வால் ஆடுகிறதென்றால் ஓர் எண் முன்னே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிரேக்கையும் மாற்றி, டயர்க் காற்றையும் மாற்றி, வில்லையும் மாற்றிவிட்டால் எது எதைச் செய்தது என்று யாருக்குத் தெரியும்? ஐந்து சுற்றுக்கு ஒருமுறை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தால் அது உங்கள் அறிவியல் ஆசிரியருக்கே காட்டத் தகுந்த ஏடாக இருக்கும். தமிழில் எழுதினால் தமிழாசிரியருக்கும் காட்டலாம்.

வளைவுக்குள் நுழையும்போதும் கொஞ்சம் பிரேக்கை விடாமல் பிடித்திருப்பது ஒரு வித்தை. பங்கு சற்றுப் பின்னே இருந்தால் கார் சுலபமாக மூக்கைத் திருப்பும். அதிகமாகப் பின்னே போனால் முழு வண்டியும் திரும்பிவிடும். இந்த எல்லை எங்கே என்பது ஒவ்வொருவர் காலுக்கும் வேறு. நிஜக் காரில் இதை முதுகும் இடுப்பும் உணர்த்தும். விளையாட்டில் அந்த உணர்வு கிடையாது. கைக்கு வருகிற அதிர்வு, காதுக்கு வருகிற டயர்ச் சத்தம், கண்ணுக்குத் தெரிகிற அசைவு, இவை மட்டும்தான். அதனால் திரையில் வேகமாக ஓட்டுகிறவன் ரோட்டில் நல்ல டிரைவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவனுக்குப் பயம் பழகவில்லை. ஐம்பது முறை மோதி, ஐம்பது முறையும் பொத்தானை அழுத்திப் புதுக் கார் வாங்கியவன் அவன்.

ஆனாலும் திரையிலிருந்து நிஜத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் வளர்ந்த யான் மார்டன்பரோ 2011இல் கிரான் டூரிஸ்மோ போட்டியில் வென்று நிஜப் பந்தயக் காரில் ஏறினார். 2013இல் பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டினார். அவர் கதை 2023இல் திரைப்படமாகவும் வந்தது. அதே 2023 ஜூனில் நம் சன்டெக் மண்டபத்தில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் நடந்தபோது, அதில் இந்தக் கார்ப்பந்தய விளையாட்டும் ஒரு போட்டி. எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகிவிடப் போவதில்லை. ஆயிரத்தில் ஒருவன்கூட ஆக மாட்டான். மற்றவர்களுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள்.

புக்கிட் மேராவில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வாசலிலேயே இருக்கிறது. லெங் கீ சாலையிலும் அலெக்ஸாண்டிரா சாலையிலும் வரிசையாகக் கார்க் கடைகள். அந்தக் கார்களைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். இன்றைய வண்டிக்குச் சுத்தியல் மட்டும் போதாது, கணக்கும் கணினியும் தெரிந்த கை வேண்டும். பங்கீட்டு எண்ணைத் திருகித் திருகிப் பார்த்த பிள்ளைக்கு அந்த வாசல் பாதி திறந்துதான் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

சின்ன லோரிகளைப் பாருங்கள். காலியாகப் போகும்போது பின்புறம் லேசு. சிமெண்டு மூட்டையோ செம்பனைப் பழக்குலையோ ஆட்களோ ஏறினால் பின்புறம் கனம். சைக்கிளில் பால் தோம்பு கதைதான். காலி வண்டிக்குப் பின் பிரேக் குறைவாகவும், ஏற்றிய வண்டிக்கு அதிகமாகவும் வேண்டும். அதற்காகப் பல லோரிகளில் பின் அச்சுக்கு மேலே, சட்டத்தில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏறினால் சட்டம் தாழும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்குப் பங்கைக் கூட்டும். பாரம் இறங்கினால் குறைக்கும். டிரைவர் குமிழைத் திருக வேண்டியதில்லை, வண்டியே பங்கீடு செய்துகொள்கிறது. புது வண்டிகளில் இதைக் கணினி செய்கிறது.

இப்போது ஒரு முதலாளி, "லோரி ரொம்பத் தாழ்கிறது, இன்னும் இரண்டு வில்தகடு போடு" என்கிறார். பட்டறைக்காரர் போடுகிறார். லோரி நிமிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் திருப்தி. அந்த வால்வுக்கு யார் சொல்வது? சட்டம் உயர்ந்துவிட்டதால் அது, வண்டி காலி என்று நினைக்கிறது. இருபது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பின் பிரேக்குக்குக் காலி வண்டியின் பங்கைத்தான் கொடுக்கிறது. முன் பிரேக்குகள் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன, சூடாகின்றன, இறக்கத்தில் பிடிப்பு குறைகிறது. வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்ட கம்பியும் இதே காரியத்தைச் செய்யும். வில்தகட்டை மாற்றினால் வால்வின் கம்பியையும் அளந்து சரிசெய்தாக வேண்டும் என்று லோரித் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கும். கையேட்டைப் பிரிப்பவர்கள்தான் குறைவு.

சிங்கப்பூரில் வேலையாட்களை லோரியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. 2023இல் நாடாளுமன்றத்திலேயே அது பேசப்பட்டது. மேற்கூரை வேண்டும், பக்கத் தடுப்பு வேண்டும் என்ற விதிகள் உண்டு. அந்தப் பின்தட்டில் உட்கார்ந்து போகிறவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கடன் வாங்கி வந்தவர்கள். தோட்டங்களிலும் இதே நிலைதான். மேடு பள்ளத்தில், மழை பெய்த செம்மண்ணில், டிராக்டரின் பின்னால் ஆட்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்டியரிங்கும் கையில் இல்லை, மிதியும் காலில் இல்லை.

ஆனால் கண்ணும் காதும் இருக்கிறது. தோழர்களே, நாளைக்கு லோரியில் ஏறுமுன் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். அந்தக் கம்பி இருக்கிறதா, கழன்று தொங்குகிறதா, இரும்புக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்களா? பிரேக் போடும்போது மூக்கு அளவுக்கு மீறிக் குனிகிறதா? காலியாகத் திரும்பும்போது வால் ஆடுகிறதா? டிரைவரிடம் சொல்லுங்கள். "தம்பி, பின் பிரேக் புடிக்கலப்பா, பட்டறையில காட்டிரு" என்று சொல்ல இன்ஜினியர் படிப்பு வேண்டியதில்லை. அவர் கேட்காவிட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தனி ஆளாகச் சொல்லத் தயங்கினால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பையன் விளையாடும்போது கதவை ஓங்கிச் சாத்தாமல் ஒருநாள் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன நம்பர் வச்சிருக்க? ஏன் அந்த நம்பர்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் அவன் படிக்கிறான். தெரியாவிட்டால் வெறுமனே விளையாடுகிறான், அப்போது மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், நான் உங்கள் கட்சி. ஸ்டியரிங் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்தால் உடனே வாங்காதீர்கள். அந்தப் பெட்டிகளின் விலை சில வீடுகளில் ஒரு மாதச் சம்பளம். கைப்பிடிப் பொத்தானிலேயே மேலே சொன்ன நோட்டுப்புத்தகத்தை எழுதிக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் ஒரு முறை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வந்தவர்களிலேயே பிரேக்கைக் காதால் கேட்டுச் சொல்லக்கூடிய ஆள் ஒரு பெண்தான்.

மேடைக்கு இடப்பக்க மேசையில் ஒரு பழைய பிரேக் மிதியையும் அதன் சமன்கம்பையும் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எண்ணெயெல்லாம் துடைத்தாயிற்று, வெள்ளைச் சட்டைக்காரர்கள் பயப்பட வேண்டாம். தேநீர் இடைவேளையில் வந்து, திருகாணியைத் திருகி, இரு பக்கமும் கையால் அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் ஒரு காண்டா கம்பும் இருக்கிறது, ஜொகூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்காகத் தூக்கி வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எனக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும் மாணவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

பரிசு வாங்கும் பிள்ளைகள் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள்.